சாயம் காட்டிய வழி

திருப்பூர் நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பின்னலாடைத் தொழில் பரந்து விளங்குகின்றது. அங்குள்ள சாயப்பட்டறை ஒன்றில், தைத்து முடித்த வெள்ளைப் பருத்திச் சட்டையைச் சாயநீரில் இட்டு, உப்பும் சோடாவும் சேர்த்து, உரிய சூட்டில் வைத்து எடுப்பதாகக் கொள்வோம். துணி முழுவதும் நீலநிறம் நன்கு ஏறிவிடும். ஆனால் அச்சட்டையைத் தைத்த நூல் பாலியெஸ்டராக இருப்பின், அந்நூல் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். ஒரே நீர், ஒரே சாயம், ஒரே சூடு. எனினும் பருத்தி சாயத்தைப் பற்றிக்கொள்கின்றது. பாலியெஸ்டரோ அதனை ஏற்க மறுக்கின்றது. பாலியெஸ்டருக்கு நிறம் ஏற்ற வேண்டுமாயின் அதற்கென வேறு சாயம் வேண்டும். தொழில் அறிந்தோர்க்கு இது நாள்தோறும் கண்டு பழகிய செய்தியாகும்.

ஆயினும் இவ்வெளிய காட்சியினுள் ஒரு பெரிய வினா அடங்கியுள்ளது. ஒரு பொருள் மற்றொன்றை மட்டும் தேர்ந்து பற்றுவது ஏன்? இவ்வினாவைத் துணியிடம் கேளாது மனித உடலிடம் கேட்டு, அதற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் ஒருவர் இருந்தார். நோயை எதிர்க்கும் பொருள்கள் நம் குருதியில் தோன்றும் முறையை ஆராய்ந்தும், நோய்க்கிருமியை மட்டும் தாக்கும் மருந்தைத் தேடியும் மருத்துவ உலகிற்குப் புதுவழி காட்டிய அப்பெரியார் பால் எர்லிக் ஆவார்.

எர்லிக் 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், பிரஷியாவின் சைலீசியா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவ்வூர் இப்பொழுது போலந்து நாட்டில் உள்ளது. அவருடைய தந்தையார் விடுதி நடத்தி வந்தவர். தாயின் வழியில் கார்ல் வைகர்ட் என்னும் உறவினர் ஒருவர் இருந்தார். எர்லிக்கினும் ஒன்பது ஆண்டு மூத்தவராகிய வைகர்ட் மருத்துவம் பயின்று, நுண்ணோக்கியின் துணைகொண்டு உடற்கூறுகளை ஆராய்ந்து வந்தார். இளைஞர் எர்லிக்கின் உள்ளத்தில் சாயங்களைப் பற்றிய வேட்கையை மூட்டியவர் அவரே.

அக்காலத்தில் சாயத்தொழிலில் ஒரு பெரும் புரட்சி நிகழ்ந்துகொண்டிருந்தது. அதுவரை மக்கள் அவுரி, மஞ்சிட்டி முதலிய செடிகளிலிருந்தே பெரும்பாலும் சாயம் எடுத்து வந்தனர். எர்லிக் பிறந்து ஈராண்டு கழிந்தபின், 1856ஆம் ஆண்டில், இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்னும் 18 வயது மாணவர் மலேரியாக் காய்ச்சலுக்குரிய குயினைன் மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். மருந்து கிடைக்கவில்லை. ஆனால் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பொருளில் அழகிய ஊதாச் சாயம் ஒன்று தோன்றியது. அதனைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான செயற்கைச் சாயங்கள் எழுந்தன. ஜெர்மனியில் பெரிய சாயத் தொழிற்சாலைகள் பெருகின. மருந்தைத் தேடியவர் சாயத்தைக் கண்டார். பிற்காலத்தில் எர்லிக் சாயத்தைத் தொடர்ந்து சென்று மருந்தைக் கண்டார்.

எர்லிக் பிரெசுலாவ், ஸ்ட்ராஸ்பர்க், பிரைபர்க், லைப்சிக் ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்றார். பாடங்களை நெட்டுருச் செய்வதில் அவருக்கு ஆர்வம் மிகுதியாக இருந்ததில்லை. ஆனால் உயிர்களின் திசுக்களை மெல்லியதாகச் சீவி, அவற்றிற்குப் பலவகைச் சாயங்களை ஊட்டி, நுண்ணோக்கியின் வழியே பார்ப்பதில் அவர் தம்மை மறந்திருந்தார். அவருடைய மேசையும் விரல்களும் எப்பொழுதும் பல நிறங்கள் படிந்தே காணப்பட்டன. சாயம் ஏற்றுவதில் வல்லவராயினும் இம்மாணவர் தேர்வில் தேறமாட்டார் என்று சிலர் கருதியதாகவும் கூறுவர். அவர் தேறியதோடு நில்லாமல், 1878ஆம் ஆண்டில் சாயமேற்றும் முறையையே பொருளாகக் கொண்டு ஆராய்ச்சியுரை எழுதி மருத்துவப் பட்டமும் பெற்றார்.

பட்டம் பெற்றபின் பெர்லின் நகரத்துச் சாரிட்டே மருத்துவமனையில் பணியேற்றார். அங்கு அவர் மனிதக் குருதியை ஆராயத் தொடங்கினார். நுண்ணோக்கியில் காணும் வெள்ளணுக்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். எர்லிக் அவற்றிற்குப் பல்வேறு சாயங்களை ஊட்டினார். சில அணுக்களின் உள்ளே இருந்த துகள்கள் அமிலத் தன்மையுடைய சாயத்தைப் பற்றின. சில காரத் தன்மையுடைய சாயத்தைப் பற்றின. வேறு சில இரண்டும் கலந்த சாயத்தை ஏற்றன. இதனால் வெள்ளணுக்கள் பலவகையின என்பது புலனாயிற்று. இன்று ஊர்தோறும் உள்ள ஆய்வுக்கூடங்களில் நோயாளியின் குருதியைச் சொட்டெடுத்து வெள்ளணுக்களை வகைவகையாக எண்ணிக் கூறுகின்றனர். அம்முறைக்கு அடிகோலியவர் எர்லிக்கே ஆவார்.

1882ஆம் ஆண்டில் இராபர்ட் காக் என்னும் பேரறிஞர் காசநோயை உண்டாக்கும் கிருமியைத் தாம் கண்டறிந்ததைப் பெர்லினில் அறிவித்தார். அக்கூட்டத்திற்கு எர்லிக்கும் சென்றிருந்தார். அக்கிருமி சாயத்தை எளிதில் ஏற்காது. எர்லிக் விரைவில் அதற்குச் சாயமேற்றும் சிறந்த முறையைக் கண்டு உதவினார். அதே கிருமி பின்னர் அவரையும் பற்றியது. அவருடைய சளியிலேயே அது காணப்பட்டது. அவர் 1888ஆம் ஆண்டில் தம் மனைவியுடன் எகிப்து நாட்டிற்குச் சென்று, அந்நாட்டின் வறண்ட காற்றில் தங்கி, நலம்பெற்று மீண்டார்.

எர்லிக்கின் மனைவியார் ஹெட்விக் அம்மையார், நெசவுத் தொழிலில் சிறந்த பிங்கஸ் குடும்பத்தில் பிறந்தவர். நொய்ஸ்டாட் என்னும் ஊரில் அம்மையாரின் தந்தையார் பெரிய நெசவாலை ஒன்றை நடத்தி வந்தார். 1883ஆம் ஆண்டில் திருமணம் நிகழ்ந்தது. இரு பெண்மக்கள் பிறந்தனர். சாயங்களிடையே வாழ்ந்த அறிஞர்க்கு நெசவாளர் குடும்பத்துப் பெண் துணைவியாக வாய்த்தது பொருத்தமே எனலாம்.

நலம்பெற்று வந்த எர்லிக்குக்கு உடனே தக்க பணி கிட்டவில்லை. யூதராய்ப் பிறந்தவர்க்கு உயர்ந்த பல்கலைக்கழகப் பதவிகள் எளிதில் கிடைக்காத காலம் அது. அவர் ஊக்கம் குன்றாமல் சிறியதோர் ஆய்வுக்கூடத்தைத் தாமே அமைத்துக்கொண்டார். பின்னர் இராபர்ட் காக் அவரைத் தமது தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்திற்கு அழைத்துக்கொண்டார்.

அங்குதான் எர்லிக் தம் வாழ்வின் தலைசிறந்த ஆராய்ச்சிகளுள் ஒன்றைச் செய்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் நமக்கு நன்கு தெரிந்தவையே. ஒன்று ஆமணக்கு விதை, மற்றொன்று குன்றிமணி. இவ்விரு விதைகளிலும் கொடிய நச்சுப்புரதங்கள் உள்ளன. எர்லிக் ஆமணக்கு நஞ்சை மிகச் சிறிய அளவில் உணவிற் கலந்து சுண்டெலிகளுக்கு ஊட்டினார். அளவை நாள்தோறும் சிறிது சிறிதாக உயர்த்தினார். சில வாரங்களில், பிற எலிகளை உடனே கொல்லக்கூடிய அளவு நஞ்சைக்கூட அவ்வெலிகள் தாங்கி நின்றன. அவற்றின் குருதியில் நஞ்சை முறிக்கும் பொருள் ஒன்று தோன்றியிருந்தது. ஆனால் ஆமணக்கு நஞ்சைத் தாங்கிய அவ்வெலிகளைக் குன்றிமணி நஞ்சு கொன்றுவிட்டது! குன்றிமணி நஞ்சுக்குப் பழக்கிய எலிகளும் அவ்வாறே ஆமணக்கு நஞ்சின்முன் நிற்கவில்லை.

பருத்தியைப் பற்றும் சாயம் பாலியெஸ்டரைப் பற்றாதது போலவே, ஒரு நஞ்சை முறிக்கும் பொருள் பிறிதொரு நஞ்சை முறிப்பதில்லை. குருதியில் தோன்றும் இத்தகைய காவற்பொருளையே நாம் இன்று எதிர்ப்பொருள் என்கின்றோம். 1891ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் எர்லிக் இக்கருத்துடைய ஜெர்மானியச் சொல்லை எடுத்தாண்டார். மேலும், இக்காவற்பொருள் தாயின் பால் வழியே குட்டிகளுக்குச் சென்று அவற்றையும் காக்கின்றது என்பதைச் சுண்டெலிகளைக்கொண்டே மெய்ப்பித்தார். தாய்ப்பாலின் பெருமைக்கு இஃது ஓர் அறிவியற் சான்றாயிற்று.

அந்நாளில் குழந்தைகளைக் கொன்றுவந்த கொடிய நோய்களுள் ஒன்று தொண்டை அடைப்பான். அந்நோய்க் கிருமி தொண்டையில் தங்கி நஞ்சைச் சுரக்கும். தொண்டையில் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும். பெற்றோர் அருகில் இருந்தும் செய்வதறியாது கலங்கி நிற்பர். 1890ஆம் ஆண்டில் எமில் பெரிங் என்னும் ஜெர்மானியரும் கிட்டசாட்டோ என்னும் ஜப்பானியரும் இந்நிலையை மாற்றும் வழியொன்றைக் காட்டினர். நஞ்சுக்குப் பழக்கப்பட்ட விலங்கின் குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் தெளிநீராகிய சீரம், நோயுற்ற வேறோர் உயிரைக் காக்கவல்லது என்று அவர்கள் கண்டனர்.

ஆனால் நடைமுறையில் ஒரு பெருந்தடை எழுந்தது. ஒரு விலங்கின் சீரம் வலிமையுடையதாக இருந்தது. மற்றொன்றின் சீரம் வலிமை குன்றியதாக இருந்தது. ஒரே அளவு மருந்து ஒரு குழந்தையைக் காத்தது. அடுத்த கட்டிலில் கிடந்த குழந்தையைக் கைவிட்டது. புட்டியைப் பார்த்த மருத்துவர் அதனுள் எவ்வளவு காவல் உள்ளது என்பதை எவ்வாறு அறிவார்? அளவற்ற மருந்து துலாக்கோல் இல்லாத கடைக்கு ஒப்பாகும். இங்கே கடையில் நேரும் இழப்பு பணமன்று, குழந்தையின் உயிர்.

எர்லிக் இத்தடையை நீக்க முற்பட்டார். நஞ்சின் அளவை முறையாக ஏற்றிக் குதிரைகளிடமிருந்து வலிய சீரம் பெறும் வழியை வகுத்தார். 1894ஆம் ஆண்டில் அம்மருந்து விற்பனைக்கு வந்தது. அதன்பின் சீரத்தின் வலிமையை அளப்பதற்கு ஓர் அலகை ஏற்படுத்த முனைந்தார். நஞ்சையே அளவுகோலாகக் கொள்ளலாம் என முதலில் தோன்றிற்று. ஆனால் நஞ்சு நாட்பட நாட்படத் தன் கொடுமையை இழப்பதையும், எனினும் எதிர்ப்பொருளைப் பற்றும் ஆற்றலை அது இழவாமல் இருப்பதையும் எர்லிக் கண்டார். கொல்லும் ஆற்றல் வேறு, பற்றும் ஆற்றல் வேறு என்னும் உண்மை இதனாற் புலப்பட்டது. ஆகவே மாறும் நஞ்சை விடுத்து, மாறாமற் காக்கக்கூடிய எதிர்ப்பொருளை அளவுகோலாக்கினார். அதனை நன்கு உலர்த்திப் பொடியாக்கி, காற்றும் ஒளியும் ஈரமும் அணுகாதவாறு கண்ணாடிக் குழாய்களில் அடைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தார். புதிதாக வரும் ஒவ்வொரு சீரமும் அப்பொடியோடு ஒப்பிட்டு அளக்கப்பட்டது. 1897ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இம்முறை உலகெங்கும் பரவியது. தொண்டை அடைப்பான் சீரத்திற்கு 1922ஆம் ஆண்டில் ஏற்பட்ட அனைத்துநாட்டு அளவும் எர்லிக்கின் அலகையே அடிப்படையாகக் கொண்டது.

இப்பெரும்பணி நடைபெற்ற இடம் மாளிகை அன்று. 1896ஆம் ஆண்டில் பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்ஸ் என்னும் ஊரில் அரசு அவருக்கு ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அளித்தது. அது மிக எளிய கட்டடமே. எர்லிக் அதனைக் குறையாகக் கருதவில்லை. நீரும் நெருப்பும் சிறிது தாளும் இருப்பின் ஆராய்ச்சிக்குப் போதும் என்பது அவர்தம் உள்ளப்பாங்கு. 1899ஆம் ஆண்டில் அந்நிலையம் பிராங்பர்ட் நகருக்கு மாற்றப்பட்டு விரிவுபெற்றது.

எதிர்ப்பொருள் எவ்வாறு தோன்றுகிறது என்பதற்கும் எர்லிக் ஒரு விளக்கம் கூறினார். உயிரணுக்களின் புறத்தே பலவகைப் பக்கக் கிளைகள் உள்ளன என்றும், அவை பூட்டும் திறவுகோலும் போலத் தமக்குப் பொருந்திய பொருள்களை மட்டும் பற்றுகின்றன என்றும் அவர் கருதினார். நஞ்சு வந்து ஒரு கிளையை அடைத்துக்கொண்டால், உயிரணு அதனை ஈடுசெய்யும் பொருட்டு அத்தகைய கிளைகளை மிகுதியாக ஆக்குகிறது. மிகையானவை உதிர்ந்து குருதியிற் கலந்து எதிர்ப்பொருளாகின்றன என்பது அவருடைய கொள்கை. இதனை எதிர்த்த அறிஞரும் பலர் இருந்தனர். பின்னாளைய ஆராய்ச்சியால் அக்கொள்கையின் சில பகுதிகள் தவறெனத் தெரிந்தன. எதிர்ப்பொருளை எல்லா உயிரணுக்களும் ஆக்குவதில்லை. வெள்ளணுக்களுள் ஒருவகையின் வழித்தோன்றல்களே அதனை ஆக்குகின்றன. ஆயினும் பொருந்தும் உறுப்பு உயிரணுவின் புறத்தே முன்னரே அமைந்துள்ளது என்ற அவருடைய அடிப்படைக் கருத்து இன்றும் நிலைபெற்றுள்ளது. 1908ஆம் ஆண்டில் எர்லிக்குக்கும் மெச்னிக்காவ் என்னும் உருசிய அறிஞர்க்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

பரிசு பெற்றபின் எர்லிக் ஓய்ந்திருக்கவில்லை. அவருடைய பழைய சாயங்கள் அவரை மீண்டும் அழைத்தன. மெத்திலின் நீலம் என்னும் சாயம் மலேரியாக் கிருமியைப் பற்றுவதைக் கண்டு, 1891ஆம் ஆண்டிலேயே அதனை மலேரியா நோயாளிகள் இருவர்க்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். குணம் தெரிந்தது. கிருமியை மட்டும் பற்றி உடலைப் பற்றாத பொருளொன்று இருப்பின், கிருமி அழியும், நோயாளி பிழைப்பார். எதிர்ப்பொருள் இயற்கையாகச் செய்யும் இவ்வேலையைச் செயற்கை மருந்தும் செய்யவேண்டும் என்பது அவருடைய பேராவல். குறி தவறாத அம்பு போன்ற அம்மருந்தைத் தேடி நூற்றுக்கணக்கான சேர்மங்களை ஆக்குவித்தார்.

பெர்ட்ஹைம் என்னும் வேதியியலறிஞர் ஆர்சனிக் சேர்ந்த சேர்மங்களை ஒவ்வொன்றாக ஆக்கித் தந்தார். ஒவ்வொன்றும் எண்ணிடப்பட்டு விலங்குகளிடம் ஆராயப்பட்டது. 606 என்னும் எண்ணுடைய சேர்மம் பயனற்றதெனக் கருதப்பட்டு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. 1909ஆம் ஆண்டில் ஹாட்டா என்னும் ஜப்பானிய அறிஞர் எர்லிக்கிடம் வந்து சேர்ந்தார். எர்லிக் பழைய சேர்மங்களை எல்லாம் மீண்டும் ஆராயுமாறு அவரைப் பணித்தார். ஹாட்டா சலிப்பின்றி ஆராய்ந்தார். ஒதுக்கப்பட்ட 606 மேகநோய்க் கிருமியை அழிப்பதை முயல்களிடம் கண்டார். தலைமுறை தலைமுறையாக மக்களைச் சிதைத்துவந்த அந்நோய்க்கு முதன்முறையாகத் திறம்பட்ட மருந்தொன்று கிடைத்தது. முதல் முயற்சியில் பிழைத்ததை மறுமுறை நோக்கத் துணிந்த பொறுமையே அதனைத் தந்தது எனலாம்.

1910ஆம் ஆண்டில் அம்மருந்து உலகிற்கு அறிவிக்கப்பட்டது. சால்வர்சான் என்னும் பெயரால் அது விற்பனைக்கு வருமுன் எர்லிக் ஏறத்தாழ 65,000 புட்டிகளை மருத்துவர்களுக்கு விலையின்றி அனுப்பி, அதன் பயனையும் தீங்கையும் தமக்கு எழுதுமாறு வேண்டினார். வந்த மடல்களை எல்லாம் கூர்ந்து படித்தார். அம்மருந்து காற்றுப்பட்டால் கெடும். கரைப்பதும் ஊசியால் ஏற்றுவதும் அரிய செயல்கள். அளவு பிறழ்ந்தாலோ கவனம் குறைந்தாலோ கேடு விளையும். சிலர்க்குக் கேடு விளையவும் செய்தது. எர்லிக் அச்செய்திகளை மறைக்கவில்லை. எங்கே பிழை நேர்ந்தது என்று ஆராய்ந்து, கையாளுவதற்கு எளிய மற்றொரு மருந்தை 1912ஆம் ஆண்டில் அளித்தார்.

புகழ் வந்த வழியே பழியும் வந்தது. மருந்தைக் கொண்டு பெரும்பொருள் ஈட்டுகின்றார் என்றும், நோயாளிகளை வலிந்து ஆராய்ச்சிக்கு உட்படுத்துகின்றார் என்றும் சிலர் தூற்றினர். அவர் பிறந்த இனத்தைச் சுட்டி இகழ்ந்தோரும் உளர். 1914ஆம் ஆண்டில் இச்செய்தி ஜெர்மானிய நாடாளுமன்றத்திலும் வழக்குமன்றத்திலும் எழுந்தது. பழி தூற்றியவர் தண்டனை பெற்றார். ஆயினும் இடையறாத உழைப்பும் இப்பூசலும் எர்லிக்கின் உடலைத் தளர்த்திவிட்டன. ஓயாது சுருட்டுப் புகைக்கும் பழக்கமும் அவருடைய நலத்திற்குத் துணைசெய்யவில்லை. 1915ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 20ஆம் நாள், தம் 61ஆம் வயதில், அவர் இவ்வுலகை நீத்தார்.

இறந்தபின்னும் பகை ஓயவில்லை. இட்லரின் ஆட்சியில் பிராங்பர்ட் நகரத் தெருவொன்றிற்கு இடப்பட்டிருந்த எர்லிக்கின் பெயர் நீக்கப்பட்டது. ஹெட்விக் அம்மையார் முதுமையில் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. போர் முடிந்தபின் அவர் பெயர் மீண்டும் போற்றப்பட்டது. தடுப்பு மருந்துகளையும் சீரங்களையும் சோதிக்கும் ஜெர்மானிய அரசு நிலையம் இன்று பால் எர்லிக் நிலையம் என்றே வழங்குகின்றது.

எர்லிக் இட்ட வித்து இன்று பலவாறு கிளைத்துள்ளது. 1957ஆம் ஆண்டில் இலண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இருவர் இன்டர்பெரான் என்ற பொருளைக் கண்டறிந்தனர். வைரசு தாக்கிய உயிரணு, அண்டையிலுள்ள உயிரணுக்களை எச்சரிப்பதற்கு அதனை வெளிவிடுகின்றது. ஊரில் திருடர் புகுந்தால் முதலில் கண்டவர் பறையறைந்து பிறரை எழுப்புவது போன்றது அது. எச்சரிக்கை பெற்ற உயிரணுக்கள் நூற்றுக்கணக்கான காவற்புரதங்களை ஆக்குகின்றன. அவற்றுள் ஒன்று எம்.எக்ஸ்.ஏ. என்பது. அது இன்புளுயன்சா வைரசு பெருகாவண்ணம் தடுக்கின்றது. அமைதியாய் இருக்கும் உயிரணுவில் இப்புரதத்தைக் காண்பது அரிது. இன்டர்பெரான் வந்து தட்டி எழுப்பியபின்னரே அது மிகுதியாகத் தோன்றும். ஆதலின் இப்புரதம் காணப்படுமிடத்தில் உடல் போர்க்கோலம் பூண்டுள்ளது என அறியலாம்.

ஆயிரமாயிரம் புரதங்கள் கலந்த உயிரணுவில் இவ்வொன்றை மட்டும் எவ்வாறு பிரித்தறிவது? இங்கே எதிர்ப்பொருளே துணையாகின்றது. அப்புரதத்தை முயல் முதலிய விலங்குகளுக்குச் செலுத்தினால் அவற்றின் குருதியில் அதனைப் பற்றும் எதிர்ப்பொருள் தோன்றும். 1975ஆம் ஆண்டில் கோலர், மில்ஸ்டீன் என்னும் அறிஞர்கள், ஒரே தன்மையுடைய எதிர்ப்பொருளைக் கண்ணாடிக் கலத்தில் வளரும் உயிரணுக்களிடமிருந்தே வேண்டிய அளவு பெறும் வழியைக் கண்டனர். ஆனால் எதிர்ப்பொருள் கண்ணுக்குத் தெரிவதன்று. ஆகவே அதனோடு ஒளிரும் சாயத்தையோ, நிறத்தைத் தோற்றுவிக்கும் நொதியையோ இணைக்கின்றனர். அது தனக்குரிய புரதத்தைத் தேடிச்சென்று பற்றுகின்றது. பற்றிய இடம் நிறத்தால் விளங்குகின்றது. எர்லிக் தனித்தனியே பயின்ற சாயமும் எதிர்ப்பொருளும் இங்கு ஒன்றாய் இணைந்து பணிபுரிகின்றன.

இங்கும் எர்லிக்கின் அளவுகோல் வேண்டப்படுகின்றது. நிறம் தோன்றிய அளவில் நம்பிவிடல் ஆகாது. எதிர்ப்பொருள் தவறி வேறொரு புரதத்தையும் பற்றியிருக்கக்கூடும். அதனை நம்பிச் செய்யும் ஆராய்ச்சி முழுதும் பாழாகும். ஆதலின் ஆய்வாளர் இன்டர்பெரான் ஊட்டிய உயிரணுக்களையும் ஊட்டாத உயிரணுக்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவர். அப்புரதத்தை ஆக்கும் மரபணு நீக்கப்பட்ட உயிரணுக்களிலும் சோதிப்பர். இருக்கவேண்டிய இடத்தில் நிறம் தோன்றி, இருக்கக்கூடாத இடத்தில் தோன்றாதிருந்தால் மட்டுமே அவ்வெதிர்ப்பொருள் நம்பத்தக்கதாகும். நிறம் ஏறிய துணியைப் போலவே நிறம் ஏறாத வெள்ளை நூலும் ஆய்வாளர்க்கு உண்மை உரைக்கின்றது.

பற்றாத சாயம் எங்கே செல்கின்றது என்பதையும் திருப்பூர் தன் துன்பத்தின் வாயிலாக அறிந்துகொண்டது. துணியிற் பற்றாது கழுவுநீரோடு வெளியேறிய சாயமும் உப்பும் நொய்யலாற்றைக் கெடுத்தன. ஒரத்துப்பாளையம் அணைநீர் பயிருக்கு உதவாததாயிற்று. 2011ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீரை ஆற்றில் விடாமல் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்துவது அத்தொழிலின் கட்டாயக் கடமையாயிற்று. மருந்தாயினும் சாயமாயினும், சேரவேண்டிய இடத்தைச் சேராத பகுதி வேறோரிடத்திற் கேடு செய்கின்றது. எர்லிக் தம் மருந்தின் நன்மையை எண்ணி மகிழ்ந்ததோடு அதன் தீங்கையும் எண்ணிக் கணக்கிட்டது இது கருதியே ஆகும்.

கண்ணெதிரே நாள்தோறும் நிகழும் சிறு நிகழ்ச்சியையும் எளிதென ஒதுக்காமை, தவறியதை மறுமுறை ஆராயும் பொறுமை, அளந்து பாராது எதனையும் நம்பாத நேர்மை ஆகிய மூன்றும் எர்லிக்கின் வாழ்வில் ஒளிவிடுகின்றன. சாயம் படிந்த விரல்களோடு ஒரு மாணவர் தொடங்கிய தேடல், எண்ணற்ற குழந்தைகளின் மூச்சைக் காத்தது. அடுத்தமுறை வண்ணச் சட்டை ஒன்றில் நிறமேறாத வெள்ளைத் தையலைக் காணும்போது, அதன் காரணத்தை வினவி அறிவதே அவ்வறிஞர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.